ஆள் பிடிக்கும் செலவு பிறந்த கதை

அமெரிக்காவில் நெவாடா மாநிலத்துக்கு வெளியே சட்டப்படி நடந்த முதல் காசினோ, 1978 மே 26ஆம் தேதி நியூ ஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டியில் திறந்தது. ரிசார்ட்ஸ் இன்டர்நேஷனல் என்று பெயர். அடுத்த சில ஆண்டுகளில் அந்தக் கடற்கரை நெடுகக் காசினோக்கள் எழுந்தன. கட்டடம் கட்டியாயிற்று, ஸ்லாட் மெஷின்களை வரிசையாக நிறுத்தியாயிற்று. ஆள் வர வேண்டுமே! ஆடக்கூடிய கூட்டம் இருந்தது நியூயார்க்கிலும் பிலடெல்பியாவிலும். அவர்களைக் கொண்டுவர பஸ் விட்டார்கள். வந்து இறங்குகிறவர் கையில் ஒரு கூப்பன் இருக்கும். அதைக் காசினோ கவுன்ட்டரில் நீட்டினால், கால் டாலர் நாணயங்களைக் காகிதத்தில் சுற்றிய ஓர் உருளையைக் கொடுப்பார்கள். பத்து டாலர் பெறும். சில இடங்களில் மதியச் சாப்பாட்டுக்கும் ஒரு சீட்டு உண்டு.

அந்தக் காசினோவின் கணக்குப்பிள்ளை என்ன எழுதியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். பஸ் கம்பெனிக்குத் தலைக்கு இவ்வளவு. நாணய உருளைக்கு இவ்வளவு. சாப்பாட்டுக்கு இவ்வளவு. எதிர்ப்பக்கத்தில், திரும்பும் பஸ் கிளம்புவதற்குள் அந்த ஆள் மெஷினில் விட்டது எவ்வளவு என்று ஒரு மதிப்பு. இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்துக்காகத்தான் பஸ் ஓடியது. உருளையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, கடற்கரைப் பலகைப் பாதையில் காலாற நடந்துவிட்டு ஊர் திரும்பியவர்களும் உண்டு. அவர்களுக்கு ஆன செலவையும் ஆடியவர்களின் கணக்கில்தான் ஏற்றியாக வேண்டும்.

இன்று இணையச் சூதாட்ட நிறுவனங்கள் முதலீட்டாளர்களிடம் முதல் வரிசையில் வைத்துப் பேசும் எண்களில் ஒன்று, ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க ஆகும் செலவு. தொழிலுக்குள் சிஏசி என்றும் சிபிஏ என்றும் சொல்கிறார்கள். அந்த எண் ஏறக்குறைய முழு உருவத்தோடு அட்லாண்டிக் சிட்டி பஸ் நிறுத்தத்திலேயே இருந்தது. போனஸ் இருந்தது, போனஸுக்காக மட்டும் வந்தவர் இருந்தார், ஆளைக் கொண்டுவந்து சேர்த்த மூன்றாம் ஆளுக்குக் கூலி இருந்தது.

விளம்பரத்துக்குப் போட்ட காசு எத்தனை ஆளைக் கொண்டுவந்தது என்று எண்ணும் பழக்கம் சூதாட்டத்தில் தொடங்கியதல்ல. தபால் வழி வியாபாரக்காரர்கள் பத்திரிகை விளம்பரக் கூப்பன்களில் ரகசிய எண் அச்சிட்டு, எந்தப் பத்திரிகை எத்தனை பேரைக் கொண்டுவந்தது என்று கணக்கிட்டார்கள். அமெரிக்க விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹாப்கின்ஸ் 1923இல் இந்த முறையை ஒரு புத்தகமாகவே எழுதினார். ஆனால் சோப்பு விற்கிறவர் ஒரு வாடிக்கையாளரின் மதிப்பை, அவர் எத்தனை சோப்பு வாங்குவார் என்று கணக்கிடுவார். சூதாட்டத்தில் அந்த இடத்தில் நிற்பது அவர் எவ்வளவு தோற்பார் என்பது. பிடிக்கும் செலவு என்ற எண்ணுக்குத் தனியாக ஒரு பொருளும் இல்லை. பக்கத்தில் தோல்வியின் அளவு இருந்தால்தான் அது மலிவா, அதிகமா என்று சொல்ல முடியும். இந்த எண்ணின் பிறப்பு, வளர்ப்பு எல்லாவற்றையும் இந்த ஓர் உண்மையை வைத்தே புரிந்துகொள்ள முடியும் என்று நினைக்கிறேன்.

தோல்வியை முன்கூட்டியே கணக்கிடக் கற்றுக்கொடுத்தது லாஸ் வேகாஸ். 1960களிலும் 70களிலும் ஜங்கெட் என்ற ஏற்பாடு அங்கே கொடிகட்டிப் பறந்தது. ஒரு தரகர் தன் ஊரில் வசதியான ஆட்டக்காரர்களைத் திரட்டி விமானத்தில் கூட்டிவருவார். பயணம், அறை, சாப்பாடு எல்லாம் காசினோ செலவு. நியூயார்க் நகை வியாபாரி ஜூலியஸ் வைன்ட்ராப், ‘பிக் ஜூலி’ என்ற பெயரில், டியூன்ஸ் ஹோட்டலுக்கு இப்படி ஆள் கொண்டுவந்தே புகழ்பெற்றார். யாருக்கு எவ்வளவு இலவசம் கொடுக்கலாம் என்பதற்குத்தான் தோல்வியைக் கணக்கிடும் ஒரு சூத்திரம் தேவைப்பட்டது. ஒருவர் பிளாக்ஜாக் மேசையில் கைக்கு 25 டாலர் வீதம், மணிக்கு 60 கை, நான்கு மணி நேரம் ஆடுகிறார் என்று வையுங்கள். மொத்தம் 6,000 டாலர் பந்தயம். ஆட்டத்தில் காசினோவுக்குச் சாதகமான சதவீதம் ஒன்றரை என்றால், அவரிடமிருந்து எதிர்பார்க்கும் வரவு 90 டாலர். அன்று அவர் ஜெயித்தாரா, தோற்றாரா என்பது பொருட்டே இல்லை. அந்த 90 டாலரில் மூன்றில் ஒரு பங்கை அறையாகவும் சாப்பாடாகவும் திருப்பித் தரலாம். இந்த எதிர்பார்ப்பு வரவைத் தொழிலில் ‘தியோ’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பின்னாளில் வாடிக்கையாளரின் வாழ்நாள் மதிப்பு என்று பெரிய பெயர் சூட்டிக்கொண்டது இந்தத் தியோதான்.

1994இல் கரீபியன் தீவு நாடான ஆன்டிகுவா ஒரு சட்டம் இயற்றி, இணையச் சூதாட்டத்துக்கு உரிமம் கொடுக்க வழி செய்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் டொரன்டோவைச் சேர்ந்த கிரிப்டோலாஜிக் போன்ற நிறுவனங்கள் மென்பொருள் எழுதிக் கொடுக்க, இணையக் காசினோக்கள் உண்மைப் பணத்தில் நடக்கத் தொடங்கின. காசினோ வாசலுக்கு பஸ் விட வேண்டியதில்லை. ஆனால் வாசல் எங்கே இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது.

அந்த நேரத்தில் இணைய வியாபாரம் ஒரு வழியைக் கண்டுபிடித்திருந்தது. இசைத்தட்டு விற்ற சிடிநவ் 1994இலும் அமேசான் 1996இலும், தங்கள் கடைக்கு ஆள் அனுப்பும் பிற இணையதளங்களுக்குக் கமிஷன் கொடுக்கத் தொடங்கியிருந்தன. ஒவ்வொரு தளத்துக்கும் தனிக் குறியீடு பதித்த இணைப்பு. அதைச் சொடுக்கி வந்தவர் வாங்கினால், அனுப்பியவருக்குப் பங்கு. காசினோக்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டன. அஃபிலியேட் என்ற தரகர் கூட்டம் உருவானது. எந்தக் காசினோவில் எவ்வளவு போனஸ், எந்த ஆட்டத்துக்கு என்ன விதி என்று பக்கம் பக்கமாக எழுதி, தேடுபொறியில் முதலிடம் பிடித்து, வந்த ஆளை அடுத்த கதவுக்கு அனுப்புவதே இவர்கள் வேலை. பிக் ஜூலி செய்ததை வீட்டு மேசையிலிருந்தபடி செய்தார்கள்.

கூலியை இரண்டு விதமாகப் பேசிக்கொண்டார்கள். ஒன்று, முதன்முறை பணம் கட்டும் ஒவ்வோர் ஆளுக்கும் இவ்வளவு என்று ஒரே தடவையில் கொடுத்துவிடுவது. சிபிஏ என்ற பெயர் இந்தத் தலைக்கூலி பேரத்தோடு ஒட்டிக்கொண்டது. மற்றொன்று வருவாய்ப் பங்கு: அனுப்பிய ஆள் எத்தனை காலம் ஆடுகிறாரோ அத்தனை காலமும், அவர் தோற்கும் தொகையில் கால் பங்கோ அதற்கு மேலோ தரகருக்கு. ஆள் ஒரு மாதம் பெரிதாக ஜெயித்துவிட்டால் தரகர் கணக்கில் கழித்தல் குறி விழும். அந்தக் கழித்தலை அடுத்த மாதத்துக்குத் தூக்கிச் செல்வதா, பூஜ்யத்திலிருந்து தொடங்குவதா என்று ஒப்பந்தங்களில் தனியாக ஒரு ஷரத்தே இருக்கும். இந்த ஷரத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரு விளையாட்டின் குணநலன்களை நடுநிலையாக எடுத்துச் சொல்வது போல எழுதுகிற ஒருவருக்கு, தன்னை நம்பி வந்த வாசகர் தோற்றால் மட்டுமே வருமானம். ஆள் பிடிக்கும் செலவைக் குறைத்த முதல் பெரிய கண்டுபிடிப்பு இது. நிறுவனம் முன்பணம் போட வேண்டாம். செலவைத் தோற்பவர் பணத்திலிருந்தே தவணை முறையில் கொடுத்துவிடலாம்.

வாசல் வரை ஆள் வந்தபின் வேறொரு கதவு சாத்திக்கொண்டது. கடன் அட்டைப் பரிவர்த்தனைகளில் வியாபார வகையைச் சொல்லும் நான்கு இலக்கக் குறியீடு ஒன்று உண்டு. பந்தயத்துக்கும் சூதாட்டத்துக்கும் 7995. அந்த எண்ணைக் கண்டதும் வங்கிகள் மறுக்கத் தொடங்கின. 2002இல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி சிட்டிபேங்க் தன் அட்டைகளில் இணையச் சூதாட்டத்தைத் தடுத்தது. அதே ஆண்டு ஈபே வாங்கியபின் பேபாலும் இந்தத் தொழிலிலிருந்து விலகியது. 2004இல் கூகுளும் யாஹூவும் சூதாட்ட விளம்பரங்களை நிறுத்தின. டிஸ்கவரி நிறுவனம் தன் டிராவல் சானலில் போக்கர் தளமொன்றின் விளம்பரத்துக்காக வாங்கியிருந்த 32 லட்சம் டாலரை அமெரிக்க அரசு அதே ஆண்டு பறிமுதல் செய்தது. கூகுளில் காசு கொடுத்து இடம் வாங்க முடியாதபோது, காசு கொடுக்காமலே முதலிடத்தில் நின்ற தரகர்களின் கை ஓங்கியது. தொலைக்காட்சிக்கும் ஒரு குறுக்குவழி கண்டார்கள். காசு வைத்து ஆடும் தளம் ‘.காம்’, அதே பெயரில் இலவசமாக ஆடப் பழகும் தளம் ‘.நெட்’. விளம்பரத்தில் ‘.நெட்’ மட்டும் வரும்.

இந்தச் சூழலில்தான் பார்ட்டி போக்கர் வளர்ந்தது. அமெரிக்கரான ரூத் பாரசோல் தொடங்கிய நிறுவனம். ஐஐடி டெல்லியில் படித்த அனுராக் தீட்சித் மென்பொருள் எழுதினார். விக்ராந்த் பார்கவா சந்தைப்படுத்தலைக் கவனித்தார். தலைமையகம் ஜிப்ரால்டர், வாடிக்கையாளர் சேவையும் கணினி வேலையும் பெரும்பாலும் ஹைதராபாதில். 2001இல் தளம் திறந்தது. 2003இல் டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், போக்கர்ஸ்டார்ஸ் என்ற போட்டித் தளத்தில் நூறு டாலருக்கும் குறைவான கட்டணத்தில் ஒரு தகுதிச் சுற்று ஆடி, உலக போக்கர் தொடருக்குள் நுழைந்து, 25 லட்சம் டாலர் பரிசு வென்றார். எந்த நிறுவனமும் எவ்வளவு கொடுத்தாலும் வாங்க முடியாத விளம்பரம் அது. அந்த ஆண்டு முதன்மைப் போட்டியில் ஆடியவர்கள் 839 பேர், 2004இல் 2,576, 2005இல் 5,619.

2005 ஜூனில், பார்ட்டி போக்கரை நடத்திய பார்ட்டிகேமிங் லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தது. மதிப்பு ஏறக்குறைய 460 கோடி பவுண்ட். செப்டம்பரில் நாட்டின் 100 பெரிய நிறுவனங்களின் பட்டியலிலேயே இடம்பிடித்தது. அக்டோபரில் 888 என்ற மற்றோர் இணையச் சூதாட்ட நிறுவனமும் சந்தைக்கு வந்தது. ஆள் பிடிக்கும் செலவு பொதுவெளிக்கு வந்த தருணம் என்று இதைத்தான் சொல்வேன். அதுவரை அது தரகருக்கும் முதலாளிக்கும் இடையில் பேசிய தொகை. இப்போது ஓய்வூதிய நிதிகளும் பரஸ்பர நிதிகளும் கேட்கும் கேள்வியாயிற்று: இந்த மாதம் புதிதாகப் பணம் கட்டியவர்கள் எத்தனை, ஓர் ஆட்டக்காரர் ஆடும் ஒவ்வொரு நாளுக்கும் எவ்வளவு தேறுகிறது, அவரைக் கொண்டுவர எவ்வளவு ஆனது? மாதவாரியாகச் சேர்ந்தவர்களைத் தனித்தனிக் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டமும் எத்தனை மாதத்தில் தன்னைப் பிடித்த செலவை ஈடுகட்டுகிறது என்று பார்க்கும் அட்டவணை, நிறுவனங்களின் முதுகெலும்பானது.

பிடித்த ஆட்களுக்கு என்ன விலை என்பதையும் விரைவிலேயே பார்க்க முடிந்தது. எம்பயர் ஆன்லைன் என்ற நிறுவனம், பார்ட்டியின் மென்பொருளிலும் மேசைகளிலும் தன் பெயரில் ஆள் சேர்த்துக் கொடுத்து வளர்ந்தது. அதுவும் லண்டனில் பட்டியலானது. 2005 அக்டோபரில் பார்ட்டி தன் மேசைகளைப் பிரித்துக்கொண்டதும் எம்பயரின் ஆட்டக்காரர்கள் தனித்து விடப்பட்டார்கள். வழக்கு மூண்டது. கடைசியில் பார்ட்டி அந்தத் தொழிலை 25 கோடி டாலருக்கு வாங்கிச் சண்டையை முடித்தது. மென்பொருள் ஏற்கெனவே தன்னுடையது. அது வாங்கியது ஆட்களின் பட்டியலையும் சேர்த்த பெயரையும்.

அந்த அட்டவணைகள் எதிலும் சட்டத்துக்கு ஒரு கட்டம் இல்லை. 2006 செப்டம்பர் இறுதியில், துறைமுகப் பாதுகாப்பு மசோதா ஒன்றின் வாலில் ஒட்டி, இணையச் சூதாட்டத்துக்குப் பணம் செலுத்துவதைத் தடுக்கும் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அக்டோபர் 2ஆம் தேதி திங்கட்கிழமை லண்டன் சந்தை திறந்ததும் பார்ட்டிகேமிங் பங்கு பாதிக்கு மேல் சரிந்தது. 13ஆம் தேதி ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார். நிறுவனம் அமெரிக்க ஆட்டக்காரர்களை அன்றே கைவிட்டது. வாழ்நாள் மதிப்பு என்று கணக்கிட்ட அந்த வாழ்நாள் ஒரு கையெழுத்தில் முடிந்தது. 2008 டிசம்பரில் தீட்சித் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 30 கோடி டாலரைக் கட்ட முன்வந்தார்.

இந்த எண்ணை எப்படி அளக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஏனென்றால் சூட்சுமம் முழுவதும் வகுக்கும் எண்ணில்தான் இருக்கிறது. எளிதாக இருக்கட்டும் என்று நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன். ஒரு மாதம் விளம்பரச் செலவு 1 லட்சம் டாலர். 50,000 பேர் சொடுக்கி உள்ளே வருகிறார்கள். 4,000 பேர் பெயர் பதிகிறார்கள். 2,000 பேர் அடையாளச் சான்று கொடுத்துப் பணம் கட்ட முயல்கிறார்கள். வங்கி மறுப்புக்கெல்லாம் தப்பி 1,000 பேரின் பணம் உள்ளே வருகிறது. பெயர் பதிந்தவர்தான் வாடிக்கையாளர் என்றால் செலவு 25 டாலர். பணம் கட்டியவர்தான் என்றால் 100. ஒவ்வொருவருக்கும் 50 டாலர் போனஸ் கொடுத்தோமே, அதையும் சேர்த்தால் 150. போனஸை ஆடித் தீர்த்துவிட்டு 400 பேர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள். மிஞ்சிய 600 பேரால் வகுத்தால் 250. தரகர் கமிஷன், தொலைக்காட்சி, கிரிக்கெட்டோ கால்பந்தோ ஆடும் அணியின் சட்டையில் பெயர் என்று ஒரு 60,000 டாலர் வேறு கணக்குத் தலைப்பில் கிடக்கிறது. அதையும் இழுத்துக்கொண்டால் 350. அதே மாதம், அதே மனிதர்கள். அறிக்கை எழுதுகிறவர் 25 என்றும் சொல்லலாம், 350 என்றும் சொல்லலாம். இரண்டிலும் கூட்டல் பிழை இல்லை.

போனஸ் எங்கே போகிறது என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும். அமெரிக்கக் கணக்கு விதிகளின்படி, வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் இலவசப் பந்தயம் பெரும்பாலும் வருவாயில் கழிக்கப்படும். சந்தைப்படுத்தல் செலவில் தோன்றாது. ஆகவே சந்தைப்படுத்தல் செலவை மட்டும் புது ஆட்களால் வகுப்பவருக்குக் கிடைப்பது பாதி உண்மை.

அந்த எண்ணைக் குறைக்கும் வேலையும் இந்தப் படிகளில்தான் நடக்கிறது. மேலே சொன்ன கணக்கில் விளம்பரத்தைத் தொடாமல், பணம் கட்ட முயன்ற 2,000 பேரில் 1,500 பேரின் பணம் ஏறும்படி வேறு கட்டண வழிகளைச் சேர்த்தால், 100 டாலர் 67 ஆகிவிடும். பெயர் பதியும் படிவத்தில் இரண்டு கேள்வியைக் குறைத்தால் இன்னும் இறங்கும். ஒரே ஆள் பல பெயரில் வந்து போனஸ் வாங்குவதைக் கைபேசி அடையாளம் வைத்துப் பிடித்தால் இறங்கும். எந்தத் தரகரின் ஆட்கள் மூன்றாம் மாதமும் ஆடுகிறார்கள் என்று பார்த்து, மற்றவர்களை வெட்டினால் இறங்கும். இவற்றில் முதல் மூன்றும் எந்த இணைய வியாபாரியும் செய்வது. குறை சொல்ல இடமில்லை. நான்காவது அப்படியல்ல. மூன்றாம் மாதமும் விடாமல் ஆடுகிறவர் யார் என்று கேட்டுத் தரகரைத் தேர்ந்தெடுப்பது, எந்த மாதிரி மனிதரைப் பிடிக்கச் சொல்கிறோம் என்பதைத் தீர்மானிப்பது.

அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை பிரிட்டன் பார்த்தது. 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் 2007 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபின் அங்கே தொலைக்காட்சி விளம்பரம் தாராளமாயிற்று. பத்தாண்டு கழித்து, 2017 செப்டம்பரில், விளம்பரத் தர ஆணையம் லாட்ப்ரோக்ஸ், 888, ஸ்கை வேகஸ், காசுமோ ஆகிய சூதாட்ட நிறுவனங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவற்றுக்கு ஆள் அனுப்பிய தரகர் வெளியிட்ட விளம்பரம் செய்திக் கட்டுரை போலவே இருந்தது: கடனில் மூழ்கி, மனைவியின் நோய்க்கு வழியில்லாமல் தவித்த ஒருவர் இணையக் காசினோவில் ஜெயித்து மீண்டாராம். விளம்பரம் எழுதியது தரகர்தான், நாங்கள் அல்ல என்ற வாதம் எடுபடவில்லை. அந்த மாதமே ஸ்கை பெட் தன் பிரிட்டிஷ் தரகர் திட்டத்தை மூடியது. தலைக்கு இவ்வளவு என்று கூலி பேசியவர் எப்படிப் பிடிக்கிறார் என்பதற்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பது, இந்த எண்ணின் வரலாற்றில் தாமதமாக வந்த நியாயம்.

அமெரிக்காவில் கதை மறுபடி தொடங்கியது. 2018 மே 14ஆம் தேதி உச்ச நீதிமன்றம், மாநிலங்கள் விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிப்பதைத் தடுத்த 1992ஆம் ஆண்டுச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. கற்பனை அணி கட்டி ஆடும் தளங்களாகத் தொடங்கிய ஃபேன்டூயலும் டிராஃப்ட்கிங்ஸும் ஏற்கெனவே லட்சக்கணக்கானோரின் பெயர், முகவரி, அட்டை விவரத்தோடு காத்திருந்தன. 2015இலேயே இரண்டும் சேர்ந்து 20 கோடி டாலருக்கு மேல் விளம்பரத்தில் கொட்டியிருந்தன. அந்தப் பட்டியலிலிருந்து ஒருவரைப் பந்தயத்துக்கு இழுக்க ஆகும் செலவு, தெருவில் போகிறவரை இழுக்கும் செலவைவிட மிகக் குறைவு.

2022 ஜனவரி 8ஆம் தேதி நியூயார்க்கில் இணையப் பந்தயம் திறந்தபோது, அந்தப் பட்டியல் இல்லாத சீசர்ஸ் நிறுவனம் புதிதாகச் சேருகிறவருக்கு 3,300 டாலர் வரை சலுகை அறிவித்தது. அங்கே வருவாயில் 51 சதவீதம் வரி. கொடுத்த சலுகையை வரிக்கு முன் கழித்துக்கொள்ளவும் முடியாது. முதல் மாதம் முடிவதற்குள் மாநிலத்தில் 160 கோடி டாலருக்குப் பந்தயம் குவிந்தது. அடுத்த மாதமே சீசர்ஸின் தலைமைச் செயல் அதிகாரி டாம் ரீக், தொலைக்காட்சி விளம்பரச் செலவை வெட்டப்போவதாக அறிவித்தார். டிராஃப்ட்கிங்ஸ் 2021இல் ஈட்டிய வருவாய் ஏறக்குறைய 130 கோடி டாலர். விற்பனைக்கும் விளம்பரத்துக்கும் செலவிட்டது 98 கோடி. நிகர நட்டம் 152 கோடி. பென் என்ற காசினோ நிறுவனம் ரசிகர் கூட்டத்தையே விலைக்கு வாங்கிவிட்டால் செலவு குறையும் என்று நம்பி, பார்ஸ்டூல் ஸ்போர்ட்ஸ் என்ற ஊடக நிறுவனத்தை இரண்டு கட்டமாக ஏறக்குறைய 55 கோடி டாலருக்கு வாங்கியது. 2023 ஆகஸ்டில் நிறுவனரிடமே அதைத் திருப்பிக் கொடுத்தது, 1 டாலருக்கு. ஒருவரை வாசிக்கிறவரும் ரசிக்கிறவரும் அவர் சொல்கிற இடத்தில் பணம் கட்டுவார் என்ற கணக்கு தப்பாகிவிட்டது. இவ்வளவு பணத்தை எல்லாரும் கொட்டியும் சந்தையின் பெரும்பங்கு ஃபேன்டூயல், டிராஃப்ட்கிங்ஸ் என்ற இரண்டு நிறுவனங்களிடம்தான் தங்கியது. இரண்டும் பழைய பட்டியலோடு வந்தவை.

நம் ஊரிலும் இந்த எண் வேலை செய்தது. ரம்மி செயலியில் சேர்ந்தவுடன் போனஸ், நண்பரைச் சேர்த்தால் போனஸ், திரைப்பட நடிகர்கள் தோன்றிய விளம்பரங்கள் எல்லாம் அந்தச் செலவின் பல முகங்கள். தமிழ்நாடு அரசு 2020 நவம்பரில் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதன் தொடர்ச்சியான சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி கே. சந்துரு குழுவின் பரிந்துரைக்குப் பின் வந்த அடுத்த சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் தந்தார். அதே ஆண்டு அக்டோபர் முதல் கட்டும் தொகை முழுவதற்கும் 28 சதவீத ஜிஎஸ்டி விழுந்தபோது, ஆட்டக்காரர் கையைக் கடிக்காதிருக்க நிறுவனங்கள் அந்த வரிக்கு ஈடாகப் போனஸ் கொடுத்தன. அதுவும் ஆளைத் தக்கவைக்கும் செலவுதான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இரண்டே நாளில் ஒரு சட்டத்தை நிறைவேற்றி, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களையும் அவற்றின் விளம்பரங்களையும் நாடு முழுவதும் தடை செய்தது. விளம்பரம் செய்தால் இரண்டாண்டு வரை சிறையோ 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். தடைக்குப் பின்னும் வெளிநாட்டுத் தளங்கள் சும்மா இருக்கப்போவதில்லை. அவற்றின் ஆள் பிடிக்கும் செலவை எந்த ஆண்டறிக்கையிலும் பார்க்க முடியாது.

மிக மலிவாகப் பிடிக்கக்கூடிய ஆள் யார் என்பதைச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. ஏற்கெனவே ஒருமுறை பிடிபட்டு, விலகிப் போனவர். அவருடைய கைபேசி எண் இருக்கிறது, அட்டை இருக்கிறது, எந்த ஆட்டம் பிடிக்கும் என்று தெரியும். ஒரு குறுஞ்செய்தி, ஒரு சிறு போனஸ் போதும். பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையின் குழு 2020 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையில், இந்தத் தொழிலின் லாபத்தில் 60 சதவீதம், சூதாட்டச் சிக்கலில் உள்ள அல்லது அதன் விளிம்பில் இருக்கும் 5 சதவீதத்தினரிடமிருந்து வருகிறது என்று எழுதியது. இதையும் குறுஞ்செய்திக் கணக்கையும் சேர்த்து வைத்தால், விலகிப்போனவரைத் திரும்பக் கூப்பிடுவது ஏன் இத்தனை லாபகரமானது என்று புரியும். என்னை இனி உள்ளே விடாதீர்கள் என்று தாங்களாகவே எழுதிக் கொடுத்த 7,000க்கும் மேற்பட்டோர் தன் தளத்தில் தொடர்ந்து ஆட முடிந்ததற்காக, 2017 ஆகஸ்டில் 888 நிறுவனத்துக்கு 78 லட்சம் பவுண்ட் தண்டம் விதிக்கப்பட்டது.

இப்போது பிரிட்டனில், அப்படி எழுதிக் கொடுத்தவரின் பெயரை இரண்டு நாளுக்குள் விளம்பரப் பட்டியல்களிலிருந்து நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது உரிம விதி. ஒரே இடத்தில் பதிந்தால் உரிமம் பெற்ற எல்லாத் தளங்களும் அடைபடும் கேம்ஸ்டாப் ஏற்பாட்டில் நிறுவனங்கள் சேர்வதும் 2020 மார்ச் 31 முதல் கட்டாயம். ஒரு நிறுவனம் ஆண்டறிக்கையில் ஆள் பிடிக்கும் செலவையும் அதை எத்தனை மாதத்தில் மீட்டது என்பதையும் அச்சிடுகிறது. அவ்வளவு செலவிட்டுப் பிடித்தவர்களில் எத்தனை பேர் அந்த விலக்குப் பட்டியலில் போய்ச் சேர்ந்தார்கள், சேர்ந்து எத்தனையாவது மாதத்தில் என்ற எண்ணும் அதே அட்டவணையில் அடுத்த கட்டத்தில் அச்சாக வேண்டும். மாதவாரிக் கூட்டங்களாகப் பிரித்த கணக்கு அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இன்னொரு நெடுவரிசை சேர்க்க ஒரு மதியம் போதும்.